தேதி போடாத படம்

ஸ்டுடியோவுக்குள் ஒரு குழுப்படம் எடுக்கத் திட்டம் போடுவது எப்படி என்று எழுதித் தரும்படி நம் போட்டோக்காரர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். விளக்கை எங்கே நிறுத்துவது, திரைக்கு என்ன நிறம், எத்தனை அடி தள்ளி நிற்பது, இதெல்லாம் உங்கள் போனைத் தட்டினால் வந்து விழுகிறது. நான் படித்து வந்தவன் இல்லை. பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றவன். அதனால் நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என்னை விடாத வேலை அது.

என் கடை செவிலிமேட்டுக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. அங்கே எனக்கு ஒரு பழக்கம். குழுப்படம் என்றால் வருபவர்களை முன்னாலேயே உட்காரவைத்துப் பேசி, ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டு, யார் எங்கே என்று முடிவுசெய்து, மேலே கிழமையையும் நேரத்தையும் பெரிதாக எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் குத்திவைப்பேன். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு பெருமை. நம் கடையில் வேலை நடக்கிறது என்று ஊருக்குத் தெரியுமே!

“திருடனுக்கு வழிச்சீட்டு எழுதி ஒட்டின மாதிரி இருக்குது” என்பாள் என் மனைவி. நான் சிரித்துக்கொண்டே காபி கேட்பேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். ஃபர்ஹானா என்று ஒரு பெண், ஸ்டீபன் என்று ஒரு பையன். மாணவர்களே சேர்ந்து இசைக்கென்று ஒரு பத்திரிகை தொடங்குகிறார்களாம். பெயர் ‘ஒத்து’. நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்து. ஃபர்ஹானாதான் ஆசிரியர். ஸ்டீபன் பறை வாசிப்பவன். அவர்கள் கல்லூரிப் பாட்டுக் குழுவில் நான்கு பேர். அந்த நான்கு பேரையும் முதல் இதழின் அட்டையில் போட வேண்டும்.

“வெளியில போனா எல்லாரும் கோபுரத்த வச்சி எடுத்துடறாங்க அங்கிள். காஞ்சிபுரம்னா கோபுரம், பட்டு, இட்லி. எங்களுக்கு மூணுமே வேணாம்.”

“அப்ப என்னம்மா வேணும்?”

“இருட்டு. பேக்ரவுண்ட் ஃபுல்லா இருட்டு. மூஞ்சி மட்டும் தெரியணும்.”

ஸ்டீபன் என் பக்கம் சாய்ந்தான். “எடிட்டர் ஆனதுலருந்து இப்படித்தான் பேசிக்கினு இருக்கா அங்கிள். போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா.”

“டேய், கவர்லருந்து உன்ன தூக்கிடுவேன்.”

தாளை எடுத்து நான்கு வட்டம் போட்டேன். பெயர் எழுதுவதில்லை நான். கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுவேன். பாட்டு, பறை, வயலின், கிட்டார். பாடுகிற பெண் நடுவில். அவள் அன்று வரவில்லை. தென்னேரிப் பக்கத்துப் பெண், குரலைக் கேட்டால் நீங்கள் கேமராவைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்றாள் ஃபர்ஹானா. பறை என்று எழுதிய வட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தேன். ஸ்டீபன் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, பாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் புதிதாக ஒரு வட்டம் போட்டான். ஃபர்ஹானா வேண்டுமென்றே இருமினாள். எனக்கும் புரிந்தது. வயசுப் பிள்ளைகள். ‘சனிக்கிழமை, காலை 10’ என்று மேலே எழுதிச் சுவரில் குத்தினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயது சொல்லலாம். மெல்லிய குரல். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். ஸ்டுடியோவுக்குள் யாரும் அப்படி வருவதில்லை.

“துக்கத்துக்குப் படம் ஒண்ணு பண்ணணும் சார். எங்க அண்ணன் பொண்ணு.”

போனை நீட்டினார். பத்தொன்பது இருபது வயதுப் பெண். தன்னைத் தானே எடுத்துக்கொண்ட செல்ஃபி. பின்னால் ஒரு மொட்டைமாடியும் துணி காய்கிற கொடியும். வாய் நிறையச் சிரிப்பு.

“அடடா. என்ன ஆச்சு சார்?”

“அத கேக்காதீங்க.”

கேட்கவில்லை. பெயர் சுகந்தி என்றார். ‘தோற்றம்’ என்று போடப் பிறந்த தேதியைச் சொன்னார். ‘மறைவு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்த எடத்த காலியா வுட்டுடுங்க. அப்புறம் சொல்றேன்.”

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஆனால் நம் ஊர்க் கடைகளில் உட்கார்ந்தவர்கள் யாரும் திட்ட மாட்டார்கள். இங்கிலீஷ் தேதி போடுவதா, திதி போடுவதா என்று சாவு வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறோம், இடம் விடுங்கள் என்பார்கள். எத்தனை படத்துக்கு அப்படி விட்டிருக்கிறேன்! கை பழகிய வேலைக்குக் கண் வேண்டாம் என்று ஒரு சலவைக்காரர் எனக்குச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குக் கண் இருந்திருக்க வேண்டும்.

“பன்னெண்டுக்குப் பதினெட்டு இஞ்சு. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. பேனர் அடிக்கிறதுக்குத் தனியா ஃபைலு. நாளைக்கு வேணும் சார்” என்றார், கடைக்கணக்கு ஒப்பிப்பதுபோல. பிறகு அவர் பார்வை என் தோளுக்கு மேலே போய்ச் சுவரில் நின்றது.

“அது என்ன சார், வட்டம் வட்டமா?”

தவளை தன் வாயால் கெடும் என்று எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். “காலேஜ் பிள்ளைங்க சார். மியூசிக்குக்குனு புக்கு போடறாங்க. அட்டைக்கு நாளைக்கு நம்ம கடையிலதான் படம்.”

“பாடறது பொண்ணா?”

“ஆமா. உங்க தென்னேரிப் பக்கம்தான்னு சொன்னாங்க.” அவர் எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவே இல்லை. பேனரைத் தென்னேரியில் ஒருவரிடம் அடிக்கக் கொடுப்பதாகச் சொன்னதை வைத்து நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

“பறை அடிக்கிறவன்?”

“ஸ்டீபன்னு ஒரு பையன். தங்கமான பையன்.”

அவர் கல்லாவைச் சுற்றி உள்ளே வந்தார். பாட்டு, பறை என்ற இரண்டு வட்டங்களும் தொடுகிற இடத்தில் ஆட்காட்டி விரலை வைத்தார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

“பக்கத்துல பக்கத்துல ஒக்காருவாங்களா?”

“ஆமா சார். பத்து மணிக்கு வந்தீங்கன்னா நீங்களே பாக்கலாம்.”

அப்படித்தான் சொன்னேன். அழைப்புப் பத்திரிகை வைக்காத குறை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் படத்துக்காக வந்தாரா, அந்தச் சுவரைப் பார்க்க வந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டரில் அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். மொட்டைமாடியை எடுத்தேன். கொடியை எடுத்தேன். கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்குப் பட்டுப் புடவை போட்டுத் தருவது நம் ஊர் ஸ்டுடியோக்களில் வழக்கம். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவை ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அதைக் கட்டிவிட்டேன். வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. அதை மறைக்கப் போய், பெற்றவர்கள் தேடுவார்களே என்று விட்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு இரண்டு பக்கமும் விளக்கை வைத்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பிரிண்ட் போட்டு, இறந்தவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைக்க வேண்டும் என்ற வழக்கப்படி அலமாரியின் மேல் திருப்பிவைத்தேன்.

நாலு மணிக்குக் கண்ணாடிக்கடை நண்பர் சட்டத்துக்கு அளவெடுக்க வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு. என்னை எப்போதும் “பாவா” என்றுதான் கூப்பிடுவார். மச்சான் முறை கொண்டாடுவது.

“பாவா, அந்த வெள்ளை வேட்டி என் கடைக்கும் வந்துச்சு. என்னமோ எனக்குப் பிடிக்கல.”

“ஏன், மரியாதையாத்தானே பேசறாரு?”

“சாவு வீட்டுக்காரங்க கண்ணாடியத் தடவிப் பாப்பாங்க, பாத்திருக்கியா? மூஞ்சி வர்ற எடத்துல கை போவும். இவரு சட்டத்து மூலைய மட்டும் அழுத்திப் பாக்குறாரு. பொட்டி வாங்கறவன் மாதிரி.”

“உனக்கு எல்லாத்துலயும் ஒரு கத.”

“இருக்கட்டும். செத்த வீட்டுல சைஸ் கேட்டு வர மாட்டான் பாவா. ‘நல்லா பண்ணு’ம்பான், அழுவான், போயிடுவான்.” அளவை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிக்கு வெயில் சாய்ந்து கடைக்குள் வந்தது. கதவு திறந்தது. ஃபர்ஹானா, அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்.

“அங்கிள், இவதான் எங்க பாட்டுக்காரி. நாளைக்கு என்ன கலர் போடணும்னு கேட்டு உயிர எடுத்துக்கினு இருக்கா.”

வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை. ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன். கேமராவில் கண்ணை வைத்தேன்.

வாய் நிறையச் சிரிப்பு. புருவத்தில் தழும்பு.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது. எடுத்தால் அந்த ஸ்டூல் காலியாக இருக்குமோ என்று தோன்றியது. தழும்பு இடது புருவத்தில் இருந்ததைப் பார்த்ததும் மூச்சு வந்தது. நான் வேலை பார்த்த படத்தில் வலது புருவம். வேறு பெண்! அந்த நிம்மதி ஒரு நொடிதான். செல்ஃபியில் சில போன்கள் முகத்தைக் கண்ணாடிபோல் இடம்வலமாகத் திருப்பிவிடும் என்பது தொழில்காரனுக்குத் தெரியாதா?

அவள் மெல்ல ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே அலமாரியில் அந்தப் படம், முதுகைக் காட்டிக்கொண்டு.

“என்ன அங்கிள், பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?”

“ஒன் மூஞ்சிய முதல்தடவ பாக்குறவங்க எல்லாருமே அப்படித்தான்” என்றாள் ஃபர்ஹானா.

“ஒன் பேரு என்னம்மா?”

“சுகந்தி.”

“கூடப் பொறந்தவங்க? ரெட்டைப் பொறவி, அந்த மாதிரி?”

“ஒத்தப் பொண்ணு அங்கிள். ஏன்?”

எனக்குப் படத்தைத் திருத்துகிற ரீடச்சிங் கற்றுக்கொடுத்தவர் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். ஒரு வாடிக்கையாளர் முகத்தை இன்னொருவருக்குக் காட்டாதே, காட்டினால் அன்றோடு நீ போட்டோக்காரன் இல்லை என்பார். வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய விதி. யார் வீட்டில் யாரோடு நின்று படம் எடுத்தார்கள் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்து நிமிடம் லென்சைத் துடைத்துக்கொண்டே நின்றேன். துடைக்க ஒன்றுமில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அலமாரியிலிருந்து படத்தை எடுத்துத் திருப்பினேன்.

ஃபர்ஹானா “யா அல்லா” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி கிட்டே வந்து பார்த்தாள். தன் பெயரைப் படித்தாள். விளக்குகளைப் பார்த்தாள்.

“பொடவ நல்லாருக்குது அங்கிள். நான் இந்தக் கலர் கட்டினதே இல்ல.”

யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. வெள்ளை வேட்டி, மெல்லிய குரல் என்று நானே சொன்னேன். “சித்தப்பா” என்றாள்.

கதை அதிகமில்லை. அவளும் ஸ்டீபனும் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவன் என்ன சாதி என்று இவள் வீட்டுக்குத் தெரியும், இவள் என்ன சாதி என்று அவன் வீட்டுக்குத் தெரியும். மூன்று வாரம் முன்பு இவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா அன்றைக்கே கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாராம். பெண் செத்துவிட்டாள் என்று கணக்கு. அதுமுதல் ஹாஸ்டல்தான். செல்ஃபி, போன வாரம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் எடுத்துப் போனில் முகப்புப் படமாக வைத்தது.

“பயப்படாதீங்க அங்கிள். எங்க பக்கம் பண்றதுதான். ஓடிப்போன பொண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அக்காவுக்கு வச்சாங்க. அந்தக்கா பஸ்ல போவும்போது அதோட பேனர அதுவே பாத்துச்சு. மானம் போச்சுன்னு ஊருக்குச் சொல்ற வழி அது. வச்சிட்டுப் போகட்டும்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் ‘மறைவு’ என்ற இடத்தில் நின்றாள்.

“இங்க ஏன் காலியா இருக்குது?”

“அப்புறம் சொல்றேன்னாரும்மா.”

“அந்தக்கா பேனர்ல தேதி இருந்துச்சே. வீட்ட வுட்டுப் போன தேதி.” படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “எனக்கு அந்தத் தேதி மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு அங்கிள். அவருக்குத் தெரியும். அப்புறம் எதுக்குக் காலி?”

அப்போதுதான் என் வாய் செய்த வேலையைச் சொன்னேன். சனிக்கிழமை, பத்து மணி, பறை, பக்கத்தில் பக்கத்தில். ஃபர்ஹானா என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விளக்கப்போவதில்லை.

சொல்லி முடிக்கவில்லை, என் போன் அடித்தது. அவர்தான். அந்தப் பெண் மூன்றடி தள்ளி நிற்கிறாள்.

“படம் ரெடியா சார்?”

“ஆயிட்டுது சார்.”

“அந்தப் பிள்ளைங்க நாளைக்கு வராங்க இல்ல? கூட்டமா இருந்தா நான் சித்த நேரம் வெளியிலயே நிப்பேன். உங்களுக்குத் தொந்தரவு வேணாம்.”

எவ்வளவு மரியாதை! நாளைய படம் நின்றுபோய்விட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் நாளை எங்கே நிற்பார் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். இப்போது அவர் நிற்கப்போகிற இடம் ஒன்றாவது தெரிகிறது.

“வராங்க சார். பத்து மணிக்கு” என்றேன். என் கடையில் நான் சொன்ன பெரிய பொய் அது.

போனை வைத்ததும் ஃபர்ஹானா, “ஷூட்டு கேன்சல். கெளம்புங்க” என்றாள்.

“எதுக்குக் கேன்சல்?” என்றாள் சுகந்தி. “இப்ப எடுப்போம். அவனுங்க மூணு பேரயும் வரச் சொல்லு.”

“உனக்குப் பைத்தியமா?”

“மொத புக்கு நான் இல்லாம வருமா? என்ன வச்சி ஒரு படம் பண்ணிட்டாங்க இல்ல? எனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு வேணாமா?”

முக்கால் மணி நேரத்தில் மற்றவர்கள் வந்தார்கள். ஸ்டீபன் அந்தப் படத்தைப் பார்த்தான். தீயில் காட்டித் தோலைக் காய்ச்ச நேரமில்லை என்று பறையை நெஞ்சோடு வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் முழு இருட்டு, முகங்கள் மட்டும். அன்று நான் பன்னிரண்டு முறைதான் தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் கதவைப் பார்த்தேன். அவள் மட்டும் கேமராவைப் பார்த்தாள்.

அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம். நானும் கூடப் போனேன். அந்தப் படமும் வந்தது. அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் சலிப்பாகத்தான் வாங்கிப் பார்த்தார். காலியாக இருந்த இடத்தில் பார்வை நின்றது. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். “மனு எழுதும்மா” என்றார். அன்று இரவே சுகந்தியும் ஸ்டீபனும் பாதுகாப்பாகச் சென்னையில் ஃபர்ஹானாவின் மாமி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தேன். நான்கு ஸ்டூல்களைப் போட்டேன். விளக்கை எரியவிட்டேன். எதிரே டீக்கடையில் சாதாரணப் புடவையில் ஒரு பெண் போலீஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். சரியாகப் பத்துக்கு அந்த வெள்ளை வேட்டிக்காரர் வந்தார். செருப்பை வெளியே விட்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார். உள்ளே இரண்டு பேர். இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை.

அவர் உட்கார்ந்து நான்கு ஸ்டூல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத ஸ்டூல்களின் மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று.

“இன்னும் வரல?”

“நேத்தே எடுத்தாச்சு சார். அவங்க ஊர்லயே இல்ல. எழுதிக் குடுக்க வேண்டிய எடத்துல எழுதியும் குடுத்தாச்சு.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “நான் சொன்ன படத்தக் காட்டுங்க” என்றார். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“சிரிக்குதே சார். இந்தச் சிரிப்பக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“மூணு வயசுல மார்கழி பஜனையில என் தோள்மேல ஒக்காந்து பாடுவா. நான்தான் அடி எடுத்துக் குடுப்பேன்.” சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியே காரைப் பார்த்தார். “அவங்க ரெண்டு பேரும் காலையிலருந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க. வெறுங்கையோட போனா அவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

அந்த நிமிடத்தில்தான் அவரும் பயந்திருக்கிறார் என்பது தெரிந்தது. இந்த ஆள் அந்தக் காருக்கு ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போயாக வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் நாளையும் தேடுவார்கள், மறுநாளும் தேடுவார்கள். யோசிக்க நேரமில்லை. என் குரல் எனக்கே கேட்டது.

“தேதி சொல்லுங்க சார். போட்டுத் தரேன்.”

“என்ன தேதி?”

“இன்னைக்குத் தேதி. பேனர் வச்சிட்டா ஊருக்குக் கணக்கு முடிஞ்சிடும்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். “போடுங்க” என்றார். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

எத்தனையோ பேருக்கு அந்த வரியை அடித்த கை இது. அன்று எட்டு எண்களை அடிக்க நான்கு தடவை தப்பாக அடித்து அழித்தேன். சென்னையில் அந்தப் பெண் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம், யாரையாவது கிண்டல் செய்துகொண்டிருக்கலாம். நான் இங்கே உட்கார்ந்து அவள் இறந்த நாளை அடித்துக்கொண்டிருந்தேன். பிரிண்ட் வெளியே வந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனார். கார் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்து ஒரு கை நீண்டு படத்தை வாங்கிப் பார்த்தது. கண்ணாடி ஏறியது. அவரும் ஏறினார். கார் போய்விட்டது.

டீக்கடைக்குப் போய் அந்தப் பெண் போலீசிடம் நடந்ததைச் சொன்னேன். பிறகு சுகந்திக்குப் போன் செய்தேன்.

“ஒரு பாவம் பண்ணிட்டேம்மா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

“நல்ல நாளா பாத்துப் போட்டீங்களா அங்கிள்?” என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு ஃபர்ஹானாவின் மாமி போனை வாங்கி, அப்புறம் பேசச் சொன்னார்.

பேனர் வைத்தார்கள். தென்னேரிக்கு வேறு வேலையாகப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே, மாம்பழ மஞ்சள் புடவையில், குறைக்காத சிரிப்போடு. கீழே நிழலுக்காக நாலைந்து பேர் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அதே வாரம் ‘ஒத்து’ முதல் இதழும் வெளிவந்தது. இருட்டிலிருந்து அதே முகம். இரண்டும் என் கைவேலை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தம்பிகளா, தங்கைகளா, தேதி போட்டுக் கொடுத்ததை ஒரு வழி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கார் வேறு மாதிரியும் திரும்பியிருக்கலாம். அவளை முதலில் ஊரைவிட்டு அனுப்பியதுதான் வேலை, மற்றதெல்லாம் என் நல்ல காலம். அடுத்தவர் வருகிற நேரத்தைச் சுவரில் எழுதாதீர்கள், வாயாலும் எழுதாதீர்கள். காலியாக விடச் சொல்கிற இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவரின் விதியை உடைத்ததற்கு அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனாலும் மறுபடி உடைப்பேன்.

வருஷத்தில் ஒரு நாள், நான் போட்ட அந்தத் தேதியில், காலையில் என் போன் அடிக்கும். மூன்று வருஷமாக அடிக்கிறது. பேரைப் பார்த்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். எடுத்தால் பின்னால் யாரோ தாளம் தட்டுகிற சத்தம், குழந்தையின் அழுகை, குக்கர் விசில்.

“அங்கிள், இன்னைக்கு எனக்கு நினைவு நாளு. பிரியாணி பண்ணிக்கினு இருக்கோம். நீங்க சாப்ட்டீங்களா?”